மூச்சை அடக்கிப் பிடிங்க

அம்மாவுக்கு மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு புள்ளி மாதிரி தெரியுது. விலா எலும்போட நிழலா, இல்ல உள்ள ஏதாவது இருக்கான்னு இதுல சொல்ல முடியல. ஒரு சி.டி. பாத்துருவோம்" என்றார். அந்த 'ஏதாவது' என்ற சொல்லை வீடு வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் தொடவில்லை.

மறுநாள் காலை ஸ்கேன் சென்டர். ஒருவேளை படம் தெளிவாக விழ ஊசி மருந்து போட வேண்டியிருக்கலாம் என்று வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா சங்கிலியையும் தோட்டையும் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளுயர வெள்ளை வளையம், அதன் நடுவே நீளும் குறுகிய மேசை. "அம்மா, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வச்சுக்குங்க. மெஷின் சொல்றப்ப மூச்சை அடக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டெக்னீசியன் வெளியே வந்து கதவைச் சாத்தினார். பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல் கேட்டது. "மூச்சை நல்லா இழுங்க... அடக்கிப் பிடிங்க..." மேசை வளையத்துக்குள் நழுவியது. "மூச்சு விடலாம்." ஆறு விநாடி இருக்கும்.

வெளியே வந்த அம்மா, "அவ்வளவுதானாப்பா? இதுக்கா காபிகூடக் குடிக்காம வந்தேன்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறு விநாடிக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. உயிருள்ள உடம்பு சும்மா இருப்பதில்லை. மூச்சோடு நுரையீரல் விரிந்து சுருங்குகிறது. குடல் நெளிந்துகொண்டே இருக்கிறது. இதயம் ஒரு நொடிகூட ஓய்வதில்லை. மூளை மட்டும்தான் மண்டையோட்டுக்குள் ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. சி.டி.யின் கதையை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்: அசையாத உறுப்பில் தொடங்கி, அசைகிற உறுப்புகளை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்த கதை.

எக்ஸ்ரே என்பது நிழல். 1895 நவம்பரில் ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜென் அந்தக் கதிரைக் கண்டபோதே அதன் பலமும் குறையும் கூடவே பிறந்துவிட்டன. எலும்பு பளிச்சென்று தெரியும். ஆனால் கதிர் போகும் வழியில் இருப்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழும். முன்பக்க விலா, பின்பக்க விலா, நடுவே நுரையீரல், இதயம், ரத்தக்குழாய் எல்லாம் ஒரே நிழல். மூளை விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். மண்டையோட்டின் நிழலில் மூளை மறைந்தே போய்விடும்.

அதனால் அந்தக் காலத்தில் மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். காற்று மேலேறி மூளையின் உள்ளறைகளை நிரப்பும். அந்த அறைகள் கோணலாகத் தெரிந்தால் பக்கத்தில் ஏதோ அழுத்துகிறது என்று ஊகிப்பார்கள். காற்று எல்லா மூலைக்கும் போகவேண்டும் என்று நோயாளியை நாற்காலியோடு கட்டிச் சாய்த்தும் கவிழ்த்தும் படம் எடுப்பார்கள். தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும், நாள்கணக்கில் நீடிக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி 1919-இல் வெளியிட்ட இந்த முறை, ஐம்பது வருஷம் புழக்கத்தில் இருந்தது. இவ்வளவு வேதனைக்குப் பிறகும் மருத்துவர் பார்த்தது மூளையை அல்ல, காற்றின் உருவத்தை.

இதை மாற்றிய யோசனையைப் புரிந்துகொள்ளப் புளியங்கொட்டை போதும். நான்கே அறைகள் உள்ள ஒரு சதுரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி திறக்காது. ஒவ்வோர் அறையிலும் சில புளியங்கொட்டைகள். உங்களுக்குத் தெரிவதெல்லாம் கூட்டுத்தொகை மட்டும். மேல்வரிசை இரண்டு அறைகளிலும் சேர்த்து 8, கீழ்வரிசையில் 7. இடப்பக்க அறைகள் இரண்டிலும் சேர்த்து 4, வலப்பக்கம் 11. எந்த அறையில் எத்தனை?

மேலே 4, 4. கீழே 0, 7 என்று போட்டால் கணக்குச் சரியாக வரும். மேலே 2, 6; கீழே 2, 5 என்று போட்டாலும் வரும். மேலே 3, 5. கீழே 1, 6 என்றாலும் வரும். இரண்டு திசையில் பார்த்தது போதவில்லை. இப்போது குறுக்காக, மேல் இடமூலையையும் கீழ் வலமூலையையும் கூட்டினால் 9 என்று ஒருவர் சொல்கிறார். முதல் விடையில் அது 11, இரண்டாவதில் 7. மூன்றாவது விடைதான் நிற்கிறது. பெட்டியைத் திறக்காமலே ஒவ்வோர் அறையிலும் இருப்பதைச் சொல்லிவிட்டோம். நான்கு அறைக்கு மூன்று திசை. ஆயிரக்கணக்கான அறைகளுக்கு நூற்றுக்கணக்கான திசை.

எக்ஸ்ரே கதிர் செய்வதும் கூட்டல்தான். உடம்பின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது, வழியிலிருந்த ஒவ்வொரு துணுக்கும் விழுங்கியதன் மொத்தம். எல்லாத் திசையிலிருந்தும் அந்த மொத்தங்களை எடுத்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு துணுக்கும் விழுங்கியது எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். சி.டி. படம் கேமரா எடுத்த படமல்ல. அது விடைத்தாள்.

இதை இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டார்கள். ஆலன் கோர்மாக் தென்னாப்பிரிக்க இயற்பியலாளர். 1956-இல் கேப் டவுனின் குரூட்டே ஷூர் மருத்துவமனையில் பகுதிநேர வேலை பார்த்தார். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும்போது உடம்பு முழுவதும் ஒரே பொருளால் ஆனதுபோல் கணக்குப் போடுகிறார்களே, எலும்பும் நுரையீரலும் ஒன்றா என்ற உறுத்தல் அவருக்கு. கணக்கைத் தீர்த்து, மரவளையத்துக்குள் அலுமினிய உருளை ஒன்றை வைத்துச் சோதித்தார். விடை சரியாக வந்தது. ஆனால் உருளையின் நடுவில் மட்டும் எண்கள் லேசாகப் பிசகின. பட்டறையில் விசாரித்தால், அந்த உருளையின் மையத்தில் வேறுவிதமான அலுமினியத் துண்டு ஒன்றைச் செருகியிருப்பது தெரியவந்தது. வெளியிலிருந்து யாருக்கும் தெரியாததைக் கணக்கு கண்டு சொல்லியிருந்தது. இந்த முறை பிடித்த முதல் 'கட்டி' அதுதான் என்று எனக்குத் தோன்றும். 1963-லும் 1964-லும் அவர் கட்டுரைகளை வெளியிட்டார். மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. பிரதி கேட்டு எழுதியவர்களில் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் ஒன்று. இதே கணக்கை 1917-லேயே யோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணித மேதை தீர்த்துவைத்திருந்தார் என்பது கோர்மாக்குக்குப் பல வருடம் கழித்தே தெரிந்தது.

மற்றவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். இங்கிலாந்தில் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் சொந்தமாகச் செய்த கிளைடரைக் கட்டிக்கொண்டு வைக்கோல்போர் உச்சியிலிருந்து குதித்துப் பார்த்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் கற்று, பிறகு இசைத்தட்டுக்குப் பெயர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தில் எஞ்சினியராகச் சேர்ந்தார். 1967-இல் அவருக்கு இந்த யோசனை உதித்தது. பழைய கடைசல் எந்திரத்தின் அடித்தளத்தில் கதிர் தரும் அமெரிசியத்தை ஒரு பக்கமும் உணர்கருவியை மறுபக்கமும் பொருத்தினார். நடுவிலுள்ள பொருள் சற்றே நகரும், சற்றே திரும்பும், மறுபடி நகரும். முதல் படத்துக்கு வேண்டிய அளவுகளை எடுக்கவே ஒன்பது நாள் பிடித்தது. கணினி அதற்கு விடை காண இன்னும் இரண்டரை மணி நேரம். பதப்படுத்திய மனித மூளையை வைத்துப் பார்த்தபோது சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் தனித்தனியாகத் தெரிந்தன. பதப்படுத்தப் போட்ட ஃபார்மலின்தான் அந்த வேறுபாட்டைக் கூட்டிக்காட்டுகிறதோ என்ற சந்தேகம் வந்தது. கசாப்புக்கூடத்திலிருந்து புதிய மாட்டு மூளையை வரவழைத்துச் சரிபார்த்தார். வேறுபாடு குறைந்தது, ஆனால் மறையவில்லை.

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனை. கதிரியக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ், மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணியை மேசையில் படுக்க வைத்தார். தலையைச் சுற்றி நீர் நிரம்பிய பெட்டி. கதிர் 180 கோணங்களில் சுற்றியது. கோணத்துக்கு 160 அளவு, மொத்தம் 28,800. கிடைத்த படம் 80-க்கு 80 கட்டம், அதாவது 6,400 அறைகள். நம் பெட்டியில் நான்கு. நெற்றிப் பக்க மூளையில் வட்டமாகக் கருத்த பகுதி தெரிந்தது. அறுவை செய்து பார்த்தபோது கட்டி அதே இடத்தில் இருந்தது. காற்று ஏற்றவில்லை, கவிழ்க்கவில்லை, வலியில்லை. எட்டே வருஷத்தில், 1979-இல், ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். இருவரில் எவரும் மருத்துவர் அல்லர். முனைவர் பட்டமும் இருவருக்குமே கிடையாது.

அந்த முதல் கருவி தலைக்கு மட்டுமே. ஒரு சுற்றுக்கு நான்கைந்து நிமிடம் ஆனது. தலையை அவ்வளவு நேரம் அசையாமல் பிடித்துவைக்கலாம். நெஞ்சை முடியாது.

ஹவுன்ஸ்ஃபீல்ட் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து அவர் பெயரில் வழங்கும் அளவுகோல். தண்ணீருக்கு 0. காற்றுக்கு கழித்தல் 1,000. கொழுப்பு கழித்தல் 100-ஐ ஒட்டி. தசை 50-ஐ ஒட்டி. புதிதாக உறைந்த ரத்தம் 60, 70. எலும்பு பல நூறிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையே பத்து எண் வித்தியாசம்தான், நீரின் அளவில் நூற்றில் ஒன்று. வெறும் நிழலில் ஒருபோதும் தெரியாத அந்த நூற்றில் ஒன்றைத்தான் இந்தக் கணக்கு பிடித்துக் காட்டுகிறது. கணினித் திரையில் எந்த இடத்தில் அம்புக்குறியை வைத்தாலும் அங்கே ஓர் எண் வரும். டாக்டர் 'கறுப்பாத் தெரியுது, வெள்ளையாத் தெரியுது' என்று சொல்வதற்குப் பின்னால் இந்த எண் நிற்கிறது.

இதன் பயன் என்ன என்று கேட்டால், நான் முதலில் நம் நெடுஞ்சாலைகளைத்தான் காட்டுவேன். பைக்கிலிருந்து விழுந்தவர் எழுந்து உட்காருவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார், "ஒண்ணுமில்லப்பா" என்று வீட்டுக்குப் போன் செய்வார். சில மணி நேரம் கழித்துத் தலைவலி என்பார், வாந்தி எடுப்பார், நினைவு தப்பும். மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தநாளம் கிழிந்து ரத்தம் சேர்ந்துகொண்டே இருந்திருக்கும். சி.டி.யில் அது மண்டையோட்டை ஒட்டி, பூதக்கண்ணாடியின் வில்லையைப்போல் இருபுறமும் பிதுங்கிய வெள்ளையாகத் தெரியும். உறைக்கு உள்ளே கசிந்த ரத்தமாக இருந்தால் பிறைநிலவுபோல் மூளையைத் தழுவிக் கிடக்கும். வில்லையா பிறையா, எவ்வளவு தடிமன், மூளையின் நடுக்கோடு எவ்வளவு விலகியிருக்கிறது. அறுவை மருத்துவர் எங்கே துளையிட வேண்டும் என்பது சில நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. இந்தக் கருவி வருவதற்கு முன் இதே நிலையில் எத்தனை பேர் "நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தான்" என்ற சொல்லோடு போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

தலையிலிருந்து நெஞ்சுக்கு இறங்க ஒரு தடை இருந்தது. சாதாரணக் கம்பித் தடை. வளையத்துக்குள் சுழலும் எக்ஸ்ரே குழாய்க்கு மின்சாரம் போகவேண்டும். கம்பியோடு சுற்றினால் ஒரு சுற்றிலேயே முறுக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு சுற்று சுற்றி, நின்று, எதிர்ப்பக்கம் திரும்பிச் சுற்றும். ஒரு வெட்டுப்படம், மேசை சற்று நகரும், அடுத்த வெட்டு. ஒவ்வொன்றுக்கும் நோயாளி தனித்தனியாக மூச்சை அடக்கவேண்டும். ஒருமுறை ஆழமாக இழுப்பார், அடுத்தமுறை கொஞ்சமாக இழுப்பார். சிறு கட்டி இரண்டு வெட்டுக்கும் இடையில் நழுவிவிடும்.

1980-களின் பிற்பகுதியில் கம்பிக்குப் பதில் உலோக வளையமும் அதை உரசியபடியே மின்சாரம் தரும் தொடுபொறியும் வந்தன. மோட்டாரில் கார்பன் பிரஷ் செய்யும் வேலைதான். குழாய் இனி நிற்காமல் ஒரே திசையில் சுற்றலாம். அப்படியானால் மேசையும் ஏன் நிற்கவேண்டும்? இரண்டும் சேர்ந்து ஓடினால் கதிர் உடம்பைச் சுற்றிப் போகும் பாதை, பம்பரத்தில் சாட்டை சுற்றியதுபோல் இருக்கும். நகரும் உடம்பைப் படமெடுத்தால் கலங்கித்தான் வரும் என்று பலரும் நினைத்தார்கள். சாட்டையின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே உள்ள இடத்தை இருபக்க அளவுகளிலிருந்தும் கணக்கிட்டு நிரப்பலாம் என்று ஜெர்மன் இயற்பியலாளர் வில்லி காலெண்டர் 1989-இல் காட்டினார். ஒரே மூச்சில் முழு நெஞ்சு. பிறகு உணர்கருவி வரிசைகள் பெருகின: 1998-இல் நான்கு வெட்டு ஒரே சுற்றில், 2004-இல் 64. அம்மா அடக்கிப் பிடித்த அந்த ஆறு விநாடி இந்த வழியாகத்தான் வந்தது.

பக்கவாதத்தில் இந்த வேகத்தின் அருமை இன்னொரு விதமாகத் தெரியும். அங்கே துரத்துவது உறுப்பின் அசைவை அல்ல, கடிகாரத்தை. வாய் ஒருபக்கம் கோணுகிறது, கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. மூளைக்குப் போகும் குழாய் அடைத்திருக்கலாம். அல்லது வெடித்து ரத்தம் கசிந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மருந்தோ நேர் எதிர். அடைப்புக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடவேண்டும். கசிவுக்கு அதே ஊசி போட்டால் உயிரே போகலாம். சி.டி.யில் கசிந்த ரத்தம் உடனே வெள்ளையாகக் காட்டிவிடும். அடைப்போ முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் எதையும் காட்டாது. சுத்தமான படம். பார்க்கிற உறவினர், "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே, எதுக்கு ஊசி?" என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்பதுதான் அங்கே கிடைத்த பெரிய சேதி. ரத்தம் இல்லை, ஆகவே ஊசி போடலாம். தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ராத்திரியில் வாய் கோணினால் "விடியட்டும், பாத்துக்கலாம்" என்று படுக்க வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. விடிவதற்குள் அந்த ஊசிக்கான நேரம் தாண்டிவிடும்.

தாண்டிய பிறகும் இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. ரத்தக்குழாயைப் படத்தில் பளிச்சென்று காட்டும் வேறொரு ஊசி மருந்து மூளைக்குள் ஓடும் வேகத்தை அடுத்தடுத்துப் படமெடுத்து, செத்துப்போன பகுதி எது, ரத்தம் குறைந்து வாடிக்கிடந்தாலும் இன்னும் உயிருள்ள பகுதி எது என்று பிரித்துக் காட்ட முடிகிறது. உயிருள்ள பகுதி போதுமான அளவு மிச்சமிருந்தால், தொடைக் குழாய் வழியாகக் கம்பி நுழைத்து அடைப்பை வெளியே எடுக்கலாம். தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட. 2018-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதை நிறுவின. ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் 2008-லேயே ஆம்புலன்சுக்குள் சி.டி. கருவியைப் பொருத்தி நோயாளி வீட்டு வாசலுக்கே கொண்டுபோனார்கள்.

கடைசியாகப் பிடிபட்டது இதயம். அதன் தசைக்கு ரத்தம் தரும் குழாய்கள் தொடக்கத்திலேயே மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன்தான். ஓய்வில்லாமல் குதிக்கும் பரப்பின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, இதயம் தளர்ந்து நிரம்பும்போது, கண் இமைக்கும் நேரம் ஓர் அமைதி வரும். ஈ.சி.ஜி. கம்பியை மார்பில் ஒட்டி, கருவி அந்த அமைதிக்காகக் காத்திருக்கும். துடிப்பு வேகமாக இருந்தால் மாத்திரை கொடுத்து அதைத் தணிப்பார்கள். 2005-இல் ஒரே வளையத்தில் இரண்டு எக்ஸ்ரே குழாய்களைப் பொருத்திய கருவி வந்தது. இரண்டும் பாதிப் பாதி வேலையைப் பங்கிட்டுக்கொள்வதால் 83 மில்லிவிநாடியில் ஒரு காட்சியை உறையவைக்க முடிந்தது. 2007-இல் 16 சென்டிமீட்டர் அகல உணர்கருவி வந்தது. முழு இதயமும் ஒரே துடிப்பில் அடங்கியது. இன்று மிக வேகமான வளையம் ஏறத்தாழக் கால் விநாடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிச் சுழலும் பாகம் தன் எடையைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு விசையைத் தாங்கவேண்டும். அந்த வெள்ளை மூடிக்குள் பல நூறு கிலோ இப்படிச் சுழல்கிறது. படுத்திருப்பவருக்கு லேசான 'உய்ய்' என்ற சத்தம் மட்டும் கேட்கும்.

ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான சோதனையோடு இதயக்குழாய் சி.டி.யும் எடுத்தவர்களில் மாரடைப்போ இதயக்குழாய் நோயால் மரணமோ நேர்ந்தது நூற்றுக்கு 2.3 பேருக்கு, எடுக்காதவர்களில் 3.9. படம் யாரையும் குணப்படுத்தாது. ஆனால் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்திருப்பது தெரியவந்தால் டாக்டர் உரிய மாத்திரையை எழுதுகிறார், நோயாளியும் அதை விடாமல் விழுங்குகிறார்.

வேகம் போதும் என்ற இடத்துக்கு வந்தபின், இப்போது கருவி வேறொன்றைக் கற்கிறது. கோவில் உண்டியல் எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். மொத்தக் காசையும் தராசில் கொட்டி எடை பார்ப்பது ஒரு வழி. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பிரித்து ஒவ்வொன்றாக எண்ணுவது இன்னொரு வழி. இத்தனை நாள் சி.டி. எடைதான் பார்த்தது: வந்து மோதும் கதிர்த்துகள்கள் ஒரு படிகத்தை ஒளிரச் செய்யும், அந்த ஒளியின் மொத்தம் அளக்கப்படும். எது வலுவான துகள், எது மெலிந்தது என்ற விவரம் அதில் கரைந்துவிடும். காட்மியம் டெலுரைடு படிகம் கொண்ட புதிய கருவி ஒவ்வொரு துகளையும் தனியாக எண்ணி, அதன் ஆற்றலையும் குறித்துவைக்கிறது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் இத்தகைய முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது. சுண்ணாம்பு படிந்த குழாயின் உட்பக்கம், ஸ்டென்ட் கம்பிவலையின் உள்ளே, காதுக்குள் இருக்கும் நுண்ணெலும்பு எல்லாம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகின்றன.

ஆற்றலைப் பிரித்துப் பார்ப்பதன் பலனுக்கு, நம் ஊர் வெயிலில் பலரை வாட்டும் சிறுநீரகக் கல்லே சாட்சி. இரண்டு வெவ்வேறு ஆற்றல் கதிர்களால் படமெடுக்கும் கருவிகள் பல வருடமாகவே இருக்கின்றன. கால்சியக் கல் ஆற்றலுக்கு ஏற்ப எண் மாறும். யூரிக் அமிலக் கல் அவ்வளவு மாறாது. எதற்கு இந்த ஆராய்ச்சி என்றால், யூரிக் அமிலக் கல்லை மருந்தாலேயே கரைக்க முடியும். கத்தியா மாத்திரையா என்பதைப் படம் சொல்லிவிடுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இது கதிர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர் எப்படியும் கிடைக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலை ஒட்டி வாழ்பவர்களுக்கு அது இன்னும் அதிகம். வழக்கமான நெஞ்சு சி.டி. ஒன்றுக்கு ஆறேழு மில்லிசீவர்ட். குறைந்த கதிர் முறையில் ஒன்றரை. குழந்தைகளுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, பத்து வயதுக்குள் தலை சி.டி. எடுத்த குழந்தைகளில் பத்தாயிரம் ஸ்கேனுக்கு ஒரு ரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் அடுத்த பத்து வருடத்தில் கூடுதலாக வரலாம் என்று மதிப்பிட்டது. தலையில் பலத்த அடிபட்ட குழந்தைக்கு எடுக்காமல் விடுவது அதைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து. காரணம் இருந்தால் தயங்கக்கூடாது, காரணம் இல்லாமல் எடுக்கக்கூடாது. கொரோனா இரண்டாம் அலையின்போது, லேசான காய்ச்சல் உள்ளவர்களும் நுரையீரல் பாதிப்பு மதிப்பெண் '25-க்கு எவ்வளவு' என்று சி.டி. எடுத்துத் தெரிந்துகொள்ள வரிசையில் நின்றதைப் பார்த்தவன் நான். அந்த எண்ணால் அவர்களில் பலருக்குச் சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லை.

காரணமே இல்லாமல் தேடினால் வேறொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் அதிகம் புகைபிடித்த 53,454 பேரிடம் நடந்த ஆய்வு, குறைந்த கதிர் சி.டி.யால் நுரையீரல் புற்று மரணம் எக்ஸ்ரேயைவிட 20 சதவீதம் குறைந்ததாக 2011-இல் காட்டியது. பெரிய வெற்றி. ஆனால் அதே ஆய்வில் சந்தேகத்துக்கு இடமளித்த முடிவுகளில் நூற்றுக்கு 96 புற்று அல்ல. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் நுரையீரல் புள்ளிக்குப் பழைய தழும்பும் காரணமாக இருக்கலாம். புள்ளி என்ற சொல்லைக் கேட்டவுடன் உயிர் போனதுபோல் ஆகிவிடும் குடும்பங்களுக்கு இந்த 96 தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அன்று தெரியாது.

கதிரியக்க டாக்டர் அம்மாவையும் என்னையும் திரைக்கு முன்னால் உட்காரச் சொன்னார். மௌசின் சக்கரத்தை உருட்ட உருட்ட அம்மாவின் நெஞ்சு மேலிருந்து கீழாக வெட்டு வெட்டாக நகர்ந்தது. கழுத்தெலும்பு வந்து போனது. கறுத்த நுரையீரலில் ரத்தக்குழாய்கள் மரக்கிளைபோல் விரிந்தன. வலப்பக்கம் ஓரிடத்தில் உருட்டுவதை நிறுத்தினார். உளுந்து அளவு வெள்ளைப் புள்ளி. எலும்பின் நிழல் இல்லை, நுரையீரலுக்குள்ளேதான் இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அம்புக்குறியைப் புள்ளியின்மேல் வைத்தார். ஓரத்தில் எண் வந்தது: 640. சற்று நகர்த்தி இன்னொரு இடத்தில் வைத்தார்: 655. "கட்டியா இருந்தா சதை மாதிரி முப்பது, அம்பதுன்னு காட்டும். இது சுண்ணாம்பு. உள்ள முழுக்க ஒரே சீரா இருக்கு. எப்பவோ வந்து ஆறின தழும்பும்மா. இருமலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஊசி போட்டு இன்னொரு தடவை எடுக்கவும் வேண்டாம்" என்றார். பிறகு, "சின்ன வயசுல டி.பி. கிடி.பி. வந்திருந்ததா?" என்று கேட்டார்.

அம்மா இல்லை என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறாவது படிக்கிறப்ப நாலு மாசம் இருமிக்கிட்டே இருந்தேன். பள்ளிக்கூடம் போகல. எங்கம்மா தனித் தட்டு, தனி டம்ளர் வச்சிருந்தாங்க. ஏன்னு கேட்டா சொல்லமாட்டாங்க" என்றார்.